பேச்சுவார்த்தை நடக்கும்போதே கொலை விழுந்தால்: வெளியுலகத்தின் கையில் இருக்கும் வழிகள்

பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வருவதற்கு நடுவில் இருக்கும் மாதங்கள்தான் ஒரு நாட்டுக்கு மிக மோசமானவை. போலீஸ், உளவுத்துறை, ராணுவம் எல்லாம் பழைய கைகளிலேயே இருக்கும். மக்கள் ஆதரவு புதியவர்களிடம் இருக்கும். தேர்தல் ஒழுங்காக நடந்தால் தங்கள் கதை முடிந்தது என்று தெரிந்த சிலரிடம் துப்பாக்கியும் பணமும் இருக்கும். இந்த நேரத்தில் ஒரு படுகொலை நடந்தால் அண்டை நாடுகளும் ஐ.நா.வும் கடன் கொடுத்தவர்களும் என்ன செய்வது என்று கூடிப் பேசுவார்கள். அவர்கள் முன் இருக்கும் வழிகள் ஏறக்குறைய எப்போதும் இவைதான்: கண்டன அறிக்கை, பார்வையாளர் குழு, மத்தியஸ்தர், உதவிப் பணத்தை நிறுத்துவது, பொருளாதாரத் தடை, படை அனுப்புவது, சர்வதேச நீதிமன்றம்.

இவற்றை மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியும்படி அடுக்கி, ஒன்று பலிக்காவிட்டால் அடுத்த படிக்கு ஏறுவதுதான் ராஜதந்திரிகளின் வழக்கம். எனக்கு அந்தப் படிக்கட்டில் நம்பிக்கை இல்லை. கடுமையான நடவடிக்கை பலன் தரும், மென்மையானது பலன் தராது என்று வரலாறு காட்டவில்லை. பல இடங்களில் நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் அளவுகோலில். "சாவு எண்ணிக்கை குறைந்ததா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. மாற்றக் காலத்தில் நடக்கும் கொலைகள் பெரும்பாலும் ஒரு கணக்கோடு செய்யப்படுகின்றன. பேச்சுவார்த்தையைக் குலைக்க வேண்டும், தேர்தலைத் தள்ளிப்போட வேண்டும், வந்த முடிவைச் செல்லாததாக்க வேண்டும். ஆகவே வெளியுலகம் எடுத்த நடவடிக்கையை நான் மதிப்பிடுவது வேறு கேள்வியை வைத்து: கொலையை ஏவியவனுக்கு, அவன் எதற்காக ஏவினானோ அது கிடைத்ததா?

பார்வையாளர்கள்: ஐம்பது பேர் என்ன செய்துவிட முடியும்?

வெள்ளையர் ஆட்சியை முடிக்கப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில், 1992 ஜூன் 17 இரவு, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இருக்கும் பொய்பாட்டோங் குடியிருப்புக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. பக்கத்திலிருந்த தொழிலாளர் விடுதியிலிருந்து வந்தவர்கள், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குப் போட்டியான இன்காதா கட்சியின் ஆதரவாளர்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் குத்தியும் வெட்டியும் கொன்றார்கள். செத்தவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. போலீசும் உடந்தை என்று பிழைத்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். அது பின்னாளில் பல விசாரணைகளில் பல விதமாகப் பேசப்பட்டது. மூன்று நாள் கழித்து ஆறுதல் சொல்ல வந்த ஜனாதிபதி டி கிளர்க்கை ஊர்க்காரர்கள் விரட்டியடித்தார்கள். அவர் போன பிறகு போலீஸ் கூட்டத்தின் மீது சுட்டதில் மேலும் உயிர்கள் போயின. மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெளியேறியது. ஏவியது யாராக இருந்தாலும், அவர்கள் நினைத்தது அந்த வாரம் நடந்துவிட்டது.

வழக்கமான படிக்கட்டுப்படி பார்த்தால் அடுத்தது என்ன? தென்னாப்பிரிக்கா மீது 1977 முதலே ஐ.நா.வின் கட்டாய ஆயுதத் தடை இருந்தது. அமெரிக்காவும் 1986இல் தடைச் சட்டம் கொண்டுவந்து, 1991இல்தான் தளர்த்தியிருந்தது. மறுபடியும் தடையைப் போடுவது எளிது. ஐ.நா. பாதுகாப்பு அவை அதைச் செய்யவில்லை. ஜூலை நடுவில் கூடி மண்டேலாவைப் பேசவைத்தது; அரசுத் தரப்பில் வெளியுறவு அமைச்சர் பிக் போத்தாவைப் பேசவைத்தது; இன்காதா தலைவர் புத்தலேசியையும் விடவில்லை. தீர்மானம் 765 நிறைவேறி, முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் ஐ.நா. தூதராகப் போனார். ஆகஸ்ட் 17இல் தீர்மானம் 772 மூலம் பார்வையாளர்களை அனுப்ப முடிவானது. முதலில் 50 பேர். ஆயுதம் கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது.

அந்த ஐம்பது பேரின் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ஊர்வலம் அறிவிக்கப்பட்டால், முந்தின நாளே ஏற்பாட்டாளர்களிடம் போய் எந்தச் சாலை, எத்தனை மணி, யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அதே கேள்விகளைப் போலீஸ் அதிகாரியிடமும் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். மறுநாள் ஊர்வலத்தோடு நடப்பார்கள், யார் முதலில் கல்லெறிந்தது, யார் உத்தரவில் சுட்டார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். சவ ஊர்வலங்களுக்குப் போவார்கள், ஏனென்றால் ஒரு சவ ஊர்வலத்தில்தான் அடுத்த சவ ஊர்வலத்துக்கான காரணம் உருவாகிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய சமூகம், காமன்வெல்த், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஆகியவையும் தங்கள் ஆட்களை அனுப்பின.

சாவு குறைந்ததா என்றால், இல்லை. அந்தப் பார்வையாளர்கள் முழுதாக வந்து சேரும் முன்பே, செப்டம்பர் 7 அன்று பீஷோவில், சிஸ்கை என்ற பெயரளவுச் சுயாட்சிப் பகுதியை ஆண்ட உள்ளூர் சர்வாதிகாரியின் படை ஊர்வலத்தின் மீது சுட்டு 28 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் கொலைகள் தொடர்ந்தன; 1990க்கும் 1994க்கும் இடையே அரசியல் வன்முறையில் செத்தவர்கள் சுமார் 14,000 பேர் என்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இது தோல்வி.

என் கேள்வியை வைத்துப் பார்த்தால் கதை வேறு. பொய்பாட்டோங்குக்குப் பிறகு பேச்சுவார்த்தை முறிந்தது. பீஷோவுக்குப் பிறகு முறியவில்லை. மூன்று வாரத்துக்குள், செப்டம்பர் 26 அன்று, மண்டேலாவும் டி கிளர்க்கும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பிரச்சினைக்குரிய விடுதிகளுக்கு வேலி போடுவது, பொது இடங்களில் ஆபத்தான ஆயுதங்களைத் தடை செய்வது, அரசியல் கைதிகளை விடுவது எல்லாம் அதில் இருந்தன. 1993 ஏப்ரல் 10இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மண்டேலாவின் தோழருமான கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே பற்றி எரியும் என்று பயந்தார்கள். நடந்தது என்னவென்றால், இரண்டு மாதத்தில் தேர்தல் தேதி குறிக்கப்பட்டது. தேர்தலைத் தடுக்கச் செய்த கொலை தேர்தலை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தது. அந்தத் தேர்தலுக்கு வந்த ஐ.நா. பார்வையாளர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

இதில் பெரும் பங்கு தென்னாப்பிரிக்கர்களுடையது என்பதை மறைக்கக் கூடாது. 1991 செப்டம்பரிலேயே தேசிய அமைதி ஒப்பந்தம் ஒன்றை அவர்கள் போட்டிருந்தார்கள்; ஊருக்கு ஊர் அமைதிக் குழுக்கள் இருந்தன. நீதிபதி கோல்ட்ஸ்டோன் தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் இருந்தது. அது 1992 நவம்பரில் ராணுவ உளவுப் பிரிவின் ரகசிய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து கோப்புகளைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் டி கிளர்க் 23 ராணுவ அதிகாரிகளைக் கட்டாய விடுப்பிலோ கட்டாய ஓய்விலோ அனுப்ப வேண்டி வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளே ஏற்கெனவே இருந்த ஒரு அமைப்பில் போய்ச் சாய்ந்து நின்றார்கள். அந்த அமைப்பு இல்லாத இடத்தில் இதே பார்வையாளர்கள் என்ன ஆவார்கள் என்பதற்குக் கிழக்குத் திமோர் இருக்கிறது.

இந்தோனேசியாவின் பிடியில் இருந்த அந்தப் பகுதி பிரிந்து போவதா என்று 1999 ஆகஸ்ட் 30இல் வாக்கெடுப்பு நடத்தியது ஐ.நா.வேதான். ஆனால் மே 5 ஒப்பந்தப்படி பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவிடம் விடப்பட்டது. விடுதலைக்கு எதிரான ஆயுதக் கும்பல்களை வளர்த்துவிட்டதும் அதே இந்தோனேசிய ராணுவம்தான். ஓநாயைக் காவலுக்கு வைத்தது போல ஆயிற்று. வாக்களித்தவர்கள் 98 சதவீதத்துக்கும் மேல், அதில் 78.5 சதவீதம் பேர் சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பர் 4இல் முடிவு அறிவிக்கப்பட்டதும் எரிப்பு தொடங்கியது. ஆயுதமில்லாத ஐ.நா. ஊழியர்கள் தலைநகர் டிலியில் இருந்த தங்கள் வளாகத்துக்குள் முடங்கினார்கள். உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ 1,500 உள்ளூர் மக்களை விட்டுவிட்டு விமானம் ஏற ஊழியர்களில் பலர் மறுத்ததால்தான் அந்த மக்கள் கடைசியில் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நியூயார்க்கில் எடுத்த முடிவல்ல அது; வளாகத்துக்குள் இருந்தவர்கள் எடுத்த முடிவு.

பணம்: யாருடைய கடனில் வாழ்கிறார்கள்?

திமோரில் ஏவியவர்கள் கடைசியில் ஏன் தோற்றார்கள்? செப்டம்பர் 12 அன்று இந்தோனேசிய ஜனாதிபதி ஹபீபி வெளிநாட்டுப் படைக்குச் சம்மதித்தார். அந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா ராணுவ உறவை நிறுத்தியது. சர்வதேச நாணய நிதியம் தன் குழுவின் பயணத்தைத் தள்ளிவைத்தது. உலக வங்கித் தலைவர் ஹபீபிக்குக் கடிதம் எழுதினார். 1997 ஆசியப் பொருளாதார நெருக்கடியில் இந்தோனேசியா நொறுங்கி, அடுத்த கடன் தவணையை நம்பி நின்ற காலம் அது. நாட்டு மக்கள் மீது முழுத் தடை எதுவும் போடப்படவில்லை. அரசின் கையெழுத்துக்காகக் காத்திருந்த பணத்தின் மேல் மட்டும் கை வைக்கப்பட்டது.

அதே வழி எகிப்தில் பல்லிளித்தது. 2013 ஜூலை 3இல் தேர்தலில் ஜெயித்து வந்த ஜனாதிபதி முர்சியை ராணுவம் கவிழ்த்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் இரண்டே நாளில் எகிப்தை இடைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 14இல் கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் அவருடைய ஆதரவாளர்கள் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பதிவுசெய்தது. அமெரிக்கா தன் 130 கோடி டாலர் ராணுவ உதவியில் ஒரு பகுதியை அக்டோபரில் நிறுத்தியது. ஆனால் சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து ஜூலையிலேயே 1,200 கோடி டாலர் அறிவித்துவிட்டன. ஒரு கை நிறுத்தியதைப் போல் பல மடங்கு இன்னொரு கை கொடுக்கும்போது நிறுத்தியதற்கு என்ன மதிப்பு? 2015 மார்ச்சில் அமெரிக்க உதவியும் திரும்ப வந்தது. ஏவியவர்கள் கேட்டது முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே பணத்தைக் கருவியாக எடுக்கும் முன் விசாரிக்க வேண்டியது அந்த நாட்டின் அரசியலை அல்ல, கணக்குப் புத்தகத்தை. வேறு யாரும் கொடுக்க முடியாத பணமா இது? ஆம் என்றால் அதைவிட வேகமான கருவி கிடையாது.

முழுப் பொருளாதாரத் தடை வேறு சங்கதி. ஹெய்ட்டியில் 1990 டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு ஜெயித்த ஜனாதிபதி அரிஸ்டீட்டை 1991 செப்டம்பர் 30 அன்று ஜெனரல் செட்ராஸ் கவிழ்த்தார். முதலில் அமெரிக்க நாடுகளின் அமைப்பு தடை போட்டது; 1993 ஜூனில் ஐ.நா. எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் தடை போட்டது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டு போயின, கூலிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். டொமினிகன் எல்லை வழியாக எரிபொருள் கடத்தல் கொழித்தது. அதில் லாபம் பார்த்தவர்களில் தடைக்கு இலக்கான ராணுவத்தினரும் இருந்தார்கள். தண்டிக்க வேண்டியவனுக்குத் தடையே வியாபாரமாகிவிட்டது. மூன்று வருடம் இப்படி ஓடியது. முழுத் தடையை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

கப்பல் திரும்பிப் போன நாள்

படை அனுப்புவது பற்றிப் பேசும்போது ஹெய்ட்டியின் இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். 1993 ஜூலையில் நியூயார்க்கில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது: செட்ராஸ் விலகுவார், அரிஸ்டீட் திரும்புவார். அதன்படி அக்டோபர் 11 அன்று ஹார்லன் கவுண்டி என்ற அமெரிக்கக் கப்பல் சுமார் 200 அமெரிக்க, கனடிய ராணுவப் பயிற்சியாளர்களோடும் பொறியாளர்களோடும் போர்ட் ஓ பிரின்ஸ் துறைமுகத்துக்கு வந்தது. கரையில் ஒரு கும்பல் நின்று கத்தியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் சோமாலியாவின் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் செத்திருந்தார்கள். "இதை இன்னொரு சோமாலியா ஆக்குவோம்" என்பதுதான் கரையில் நின்றவர்களின் கோஷம். மறுநாள் கப்பல் திரும்பிப் போய்விட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து அரிஸ்டீட் தரப்பு அரசின் நீதித்துறை அமைச்சர் கீ மலரி நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெளியுலகம் எடுத்த எந்த நடவடிக்கையையும்விட அந்தப் பின்வாங்கல்தான் ஹெய்ட்டியில் அதிகக் கேடு செய்தது என்பது என் கணிப்பு. ஒரு சின்னக் கும்பலும் கொஞ்சம் சத்தமும் போதும் என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைசியில் 1994 செப்டம்பரில் ஏறத்தாழ 20,000 வீரர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போதும்கூட, விமானங்கள் கிளம்பிய பிறகே, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் முன்னால் உட்கார்ந்து செட்ராஸ் சம்மதித்தார். பனாமாவுக்குப் போன அவருடைய வீடுகளை அமெரிக்க அரசே வாடகைக்கு எடுத்துக்கொண்டது. எரிச்சலூட்டும் பேரம்தான். ஆனால் பதவி கிடைக்கவில்லை, அரிஸ்டீட் அக்டோபர் 15 அன்று நாடு திரும்பினார்.

இதோடு காம்பியாவை வைத்துப் பாருங்கள். 22 வருடம் ஆண்ட யாஹ்யா ஜாமே 2016 டிசம்பர் 1 தேர்தலில் அடாமா பாரோவிடம் தோற்றார். ஒப்புக்கொண்டார், பின் ஒரு வாரத்தில் மனம் மாறினார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எகோவாஸ் அமைப்பு தலைவர்களை அனுப்பிப் பேசியது. பதவிக்காலம் முடியும் நாளைக் கெடுவாக வைத்தது. செனகல் தலைமையில் படையை எல்லையில் நிறுத்தியது. 2017 ஜனவரி 19 அன்று பாரோ டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார், அதே நாள் பாதுகாப்பு அவை அவரை ஆதரித்துத் தீர்மானம் போட்டது, படை எல்லையைத் தாண்டியது. இரண்டு நாளில் ஜாமே விமானம் ஏறினார். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

காம்பியா சின்ன நாடு, மூன்று பக்கமும் செனகல், ராணுவமும் சிறியது. இந்த மாதிரி வசதி எல்லா இடத்திலும் வாய்க்காது. ஆனாலும் ஒரு விஷயம் திமோருக்கும் ஹெய்ட்டிக்கும் காம்பியாவுக்கும் பொது: படை போன மூன்று இடத்திலும் மக்கள் ஏற்கெனவே வாக்களித்து ஒரு முடிவைச் சொல்லியிருந்தார்கள். போன படைக்கு நாட்டை யாரிடம் ஒப்படைப்பது, எதைக் காப்பது என்ற குழப்பம் இல்லை. அந்தத் தெளிவு இல்லாத இடத்துக்குப் படை அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

மத்தியஸ்தம்: கொலைக்கு விலை கிடைக்கிறதா?

கென்யாவில் 2007 டிசம்பர் 27 தேர்தலுக்குப் பின் 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சார்பில் கோஃபி அன்னான் வந்தார். அவர் போட்ட ஒரே நிபந்தனை புத்திசாலித்தனமானது: மத்தியஸ்தம் ஒன்றுதான் நடக்கும், வேறு யாரும் தனி ஓட்டம் ஓடக் கூடாது. விசா மறுப்பு மிரட்டலை அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த ஒரே மேசைக்குப் பின்னால் நிறுத்தின. 2008 பிப்ரவரி 28இல் ஜனாதிபதி கிபாகியும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கொலை நின்றது.

உயிர்க்கணக்கில் இதைவிட வேகமான வெற்றி அபூர்வம். என் அளவுகோலில் கொஞ்சம் சறுக்குகிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் கலவரம் நடந்தால் அமைச்சரவையில் இடம் உண்டு என்ற பாடத்தையும் அது சேர்த்தே சொன்னது. அந்தக் குறையைச் சரிக்கட்டவே நீதிமன்றம் வந்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், கலவரத்தின்போது எதிரெதிர் அணிகளில் இருந்த அரசியல்வாதிகளான கென்யாட்டா, ரூட்டோ உள்ளிட்டோர் மீது வழக்கு எடுத்தது. அவர்கள் இருவரும் 2013 தேர்தலில் ஒரே அணியாக நின்று, அந்த வழக்கையே வெளிநாட்டார் தலையீடு என்று பேசி ஜெயித்தார்கள். கென்யாட்டா மீதான குற்றச்சாட்டுகள் 2014இல் திரும்பப் பெறப்பட்டன. ரூட்டோ வழக்கு 2016இல் முடிக்கப்பட்டது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கை எடுப்பது நீதிக்கும் உதவவில்லை, தடுப்புக்கும் உதவவில்லை என்றுதான் தோன்றுகிறது. சாட்சியங்களை அப்போதே திரட்டி வைக்கலாம், வழக்கு காத்திருக்கலாம்.

சூடானில் 2019 ஜூன் 3 அன்று ராணுவம் ஆட்சியை மக்களிடம் ஒப்படைக்கக் கோரி ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே அமர்ந்திருந்த போராட்டக்காரர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மூன்று நாளில் ஆப்பிரிக்க ஒன்றியம் நாட்டை இடைநீக்கம் செய்தது, மறுநாளே எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது மத்தியஸ்தராகத் தலைநகர் கார்ட்டூமில் இறங்கினார். ஜூன் 30 அன்று மக்கள் பயமில்லாமல் மறுபடி தெருவை நிறைத்தார்கள். ஆகஸ்ட் 17இல் ராணுவமும் போராட்டத் தரப்பும் இடைக்கால ஆட்சிக்குக் கையெழுத்திட்டன. ராணுவம் அந்த இடைக்கால ஆட்சியைக் கவிழ்த்த 2021 அக்டோபர் 25க்குப் பிறகும் அதே இடைநீக்கம் வந்தது. அமெரிக்கா 70 கோடி டாலரை நிறுத்தியது, உலக வங்கியும் நிறுத்தியது. கவிழ்க்கப்பட்ட பிரதமர் ஹம்டோக்கைத் திரும்ப உட்காரவைத்ததோடு வெளியுலகம் திருப்தியடைந்துவிட்டது. தெரு அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. அவரும் 2022 ஜனவரியில் விலகினார். 2019இல் மத்தியஸ்தருக்குப் பின்னால் ஜனக்கூட்டம் இருந்தது. 2021இல் மத்தியஸ்தர்கள் அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போய்த் தளபதிகளோடு பேசினார்கள்.

எதுவும் வேலை செய்யாத இடத்தில்

மியான்மர் போன்ற இடங்களில் மேலே சொன்ன எதுவும் பலிப்பதில்லை. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பின், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஏப்ரல் 24இல் ஐந்து அம்ச உடன்பாட்டை எழுதியது; தளபதி மின் ஆங் லைங் அதே அறையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டுவிட்டு ஊர் திரும்பிச் சுடுவதைத் தொடர்ந்தார். பாதுகாப்பு அவை ஒரு தீர்மானம் போடவே 2022 டிசம்பர் ஆயிற்று. அதிலும் சீனா, ரஷ்யா, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கின. பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. ஆயுதம் கொடுக்க ஆள் இருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு, யாரும் பட்டியலில் சேர்க்காத ஒரு கருவி மிச்சமிருக்கிறது: அங்கீகாரம். அந்த நாட்டின் பெயரில் யார் பேசலாம், யார் கையெழுத்திடலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம். ஹெய்ட்டியில் அரிஸ்டீட் வெளிநாட்டில் இருந்த மூன்று வருடமும் அவரே ஜனாதிபதியாக மதிக்கப்பட்டார். அமெரிக்காவில் முடக்கப்பட்ட ஹெய்ட்டி அரசுப் பணம் அவர் அரசின் கைக்குக் கிடைத்தது. பாரோ ஒரு தூதரக அறையில் பதவியேற்றது செல்லுபடியானதும் இதனால்தான். மியான்மரின் ஐ.நா. தூதர் கியாவ் மோ துன் 2021 பிப்ரவரி 26 அன்று பொது அவையில் கவிழ்ப்பைக் கண்டித்து, போராட்டக்காரர்களின் எதிர்ப்புச் சின்னமான மூன்று விரலை உயர்த்தினார். ராணுவம் மறுநாளே அவரை நீக்கியது. யாருடைய ஆள் உண்மையான பிரதிநிதி என்ற முடிவை ஐ.நா.வின் நற்சான்றுக் குழு வருடா வருடம் தள்ளிப்போட்டது. அவர் அந்த இடத்திலேயே தொடர்ந்தார். கவிழ்ப்பு நடந்த முதல் வாரத்திலேயே நியூயார்க்கில் இருந்த சுமார் 100 கோடி டாலரை எடுக்க ராணுவம் முயன்றபோது அமெரிக்கா அதைத் தடுத்து முடக்கியது.

வான்வழித் தாக்குதலை இது நிறுத்தவில்லை. ஆனால் கவிழ்ப்பின் நோக்கங்களில் ஒன்று, சட்டப்படியான அரசு என்ற பெயரும் அதோடு வரும் கையெழுத்தும். அது மட்டும் ராணுவத்துக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. இதற்குப் பாதுகாப்பு அவைத் தீர்மானம் தேவையில்லை, வீட்டோவுக்கும் இங்கே வேலையில்லை. ஒவ்வொரு நாடும் தன் வங்கியிலும் தன் தலைநகரத் தூதரகத்திலும் தானே எடுக்கக்கூடிய முடிவு இது, அதுவும் முதல் வாரத்திலேயே எடுத்தால்தான் பணம் வெளியே போவதற்கு முன் கதவை மூட முடியும்.